இக்போ வாழ்வின் கொடுமைகளை ஆச்சிபி ஏன் மறைக்கவில்லை?

கேள்வி: அரசு கலைக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். இந்தப் பருவத்தில் சினுவா ஆச்சிபியின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ நாவலை நடத்துகிறேன். ஆப்பிரிக்காவைக் காட்டுமிராண்டிகளின் நிலமாகச் சித்திரித்த காலனிய எழுத்துக்கு மறுப்பாக வந்த நாவல் என்று சொல்லித்தான் அறிமுகப்படுத்தினேன். படித்து முடித்த மாணவர்களோ, “இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் வீசுகிறார்கள், பிணையாக வந்த சிறுவனைக் கொல்கிறார்கள், மனைவியை அடிக்கிறார்கள். அப்படியானால் வெள்ளைக்காரர்கள் சொன்னது உண்மைதானே? பாதிரிமார் வந்தது நல்லதுதானே?” என்று கேட்கிறார்கள். “அந்தக் காலத்துச் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும்” என்று சொல்லிச் சமாளித்தேன். அது எனக்கே நிறைவாக இல்லை. என்ன பதில் சொல்வது? கான்ராடையும் ஜாய்ஸ் கேரியையும் முதலில் படிக்க வைத்திருக்க வேண்டுமா? பெண்களைப் பற்றிய அவர்களுடைய கேள்விக்கு நாவலுக்குள் பதில் இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மாணவர்களின் கேள்வி நியாயமானது. நாவலைச் சரியாகப் படித்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். நீங்கள் சொன்ன சமாதானம் உங்களுக்கு நிறைவு தராததற்கும் காரணம் உண்டு. “அந்தக் காலத்துச் சூழல்” என்று சொல்லும்போது, அந்தக் காலத்து மனிதர்களுக்கு இவையெல்லாம் உறுத்தவே இல்லை என்பதை நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ஆச்சிபியின் நாவல் மறுப்பது அந்த எண்ணத்தைத்தான். உங்கள் மாணவர்கள் கேட்கும் கேள்விகளை, நாவல் நடக்கும் ஊரான உமுவோஃபியாவின் மனிதர்கள் தங்களுக்குள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்கக் கற்றுக்கொடுக்கும் தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. காலனியச் சித்திரிப்புக்கு ஆச்சிபி தந்த பதிலின் மையமாக நான் கருதுவது இதையே.

அவர் எவற்றுக்குப் பதில் சொன்னார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1930இல் நைஜீரியாவில், இக்போ மக்கள் வாழும் ஒகிடி என்ற ஊரில் பிறந்த ஆச்சிபி, 1948இல் தொடங்கப்பட்ட இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் மாணவர்களுள் ஒருவர். அங்கே ஆங்கிலேய ஆசிரியர்கள் பாடமாக வைத்த நூல்களில் ஜாய்ஸ் கேரி 1939இல் வெளியிட்ட ‘மிஸ்டர் ஜான்சன்’ ஒன்று. கேரி வடக்கு நைஜீரியாவில் காலனிய அதிகாரியாக இருந்தவர். அவரது நாவலை ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதப்பட்டவற்றிலேயே மிகச் சிறந்தது என்று ‘டைம்’ இதழ் புகழ்ந்திருந்தது. ஜான்சன் என்ற இளம் குமாஸ்தா தன் வெள்ளை அதிகாரி ரட்பெக்கை அளவின்றி நேசிக்கிறான், தனக்கு மரண தண்டனை விதிக்கப்படும்போது, தூக்கில் போடாமல் அவர் கையாலேயே சுட்டுவிடும்படி கெஞ்சுகிறான், அவரும் சுட்டுவிடுகிறார். ஆச்சிபியின் வகுப்புத் தோழர் ஒருவர், இந்த நாவலில் தனக்குப் பிடித்த ஒரே இடம் ரட்பெக் ஜான்சனைச் சுடும் இடம்தான் என்று ஆசிரியரிடம் சொன்னாராம். ஆசிரியர் திகைத்துப்போனார். அந்த வகுப்பிலிருந்துதான், நம்முடைய கதையை நமக்காக வேறொருவர் சொல்லிவிட முடியாது என்ற எண்ணம் தன்னுள் வளர்ந்ததாக ஆச்சிபி பிற்காலத்தில் எழுதினார்.

இதில் ஒரு நுட்பத்தை மாணவர்களுக்குத் தெளிவுபடுத்திவிடுங்கள். கேரியின் நாவல் நடப்பது வடக்கு நைஜீரியாவில். கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ நடப்பது காங்கோவில். இரண்டும் இக்போ மக்களைப் பற்றியவை அல்ல. இக்போ மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் பாதிரிமாரும் நிர்வாக அதிகாரிகளும்தான். ஜி.டி. பாஸ்டன் என்ற பாதிரியார் 1921இல் வெளியிட்ட நூலின் நீண்ட துணைத்தலைப்பு, அதிகம் அறியப்படாத ஓர் ஆப்பிரிக்க மக்களின் விநோதமான, சுவையான பழக்கவழக்கங்களைப் பற்றியது என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. 1929இல் வரிக்கும் அரசு நியமித்த தலைவர்களுக்கும் எதிராக இக்போ பெண்கள் பெருந்திரளாகக் கிளர்ந்தெழுந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, இந்த மக்களின் ஆட்சிமுறைதான் என்ன என்று அறிய அரசே ஆய்வாளர்களை அனுப்பியது. மீக் என்பவர் 1937இல் எழுதிய நூல் அதன் விளைவு. இவர்களில் சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே வாழ்ந்து உழைத்தவர்கள், கவனமாகக் குறிப்பெடுத்தவர்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்வது நியாயமாகாது. இரட்டைக் குழந்தைகள் கைவிடப்பட்டதை அவர்கள் எழுதினார்கள், ஆச்சிபியும் எழுதினார்.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. கான்ராடின் நாவலில் ஆப்பிரிக்கர்கள் கூச்சலிடுகிறார்கள், ஆடுகிறார்கள், சாகிறார்கள். பேசுவது என்று பார்த்தால் ஓரிரு இடங்களில் மட்டும். அதில் ஒன்று, பிடித்த மனிதனைத் தின்னக் கொடு என்று கேட்பது. கேரியின் ஜான்சன் ஓயாமல் பேசுகிறான், ஆனால் அவனுக்குப் பின்னால் ஓர் ஊரோ, குடும்பமோ, முன்னோர் தந்த எண்ணமோ இல்லை. கதை நடக்கும் ஃபாடா என்ற ஊரைக் கேரி முயல் வளைக்கு ஒரு படி மேலான வாழிடமாகத்தான் காட்டுகிறார். வழக்கங்களைப் பட்டியலிட்ட ஆய்வு நூல்களில் “இவர்கள் இப்படிச் செய்வார்கள்” என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. செய்தவருக்கும் செய்ய மறுத்தவருக்கும் இடையே நடந்த வாக்குவாதத்துக்கு அதில் இடம் குறைவு. கொடுமையைச் சொன்னது அந்த எழுத்தின் பெரும் குறை என்று நான் நினைக்கவில்லை. தன் செயலைத் தானே எடைபோடும் மனம் அந்த மக்களுக்கு உண்டு என்பதை அது காண மறுத்ததே பெருங்குறை.

இப்போது நாவலைத் திறந்து, விவாதம் நடக்கும் இடங்களை மட்டும் மாணவர்களோடு சேர்ந்து தேடுங்கள். நான்காம் அத்தியாயத்தில், சண்டையே கூடாத அமைதி வாரத்தில் மனைவியை அடித்த நாவலின் நாயகன் ஒக்கொங்கோவுக்குப் பூமித் தெய்வமான ஆனியின் பூசாரி ஓர் ஆடும், ஒரு கோழியும், ஒரு துண்டுத் துணியும், நூறு சோழியும் அபராதம் விதிக்கிறார். அதைப் பற்றி ஊரின் மூத்தவரான எசேயுடு என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அவருடைய தந்தை காலத்துக்கும் முன்பு, அமைதியைக் குலைத்தவனைச் சாகும்வரை ஊருக்குள் தரையில் இழுத்துச் செல்வார்களாம். எந்த அமைதியைக் காக்க அந்தத் தண்டனை ஏற்பட்டதோ அந்த அமைதியையே அது கெடுத்ததால் பிறகு கைவிட்டார்களாம். பாதிரியார் யாரும் வந்திராத காலத்தில், ஒரு சமூகம் தன் சட்டத்தின் கொடுமையைத் தானே உணர்ந்து தானே மாற்றிக்கொண்ட செய்தி இது. ஆச்சிபி இதை இரண்டு மூன்று வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதால், பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

பிணையாக வந்த சிறுவன் இகெமெஃபுனாவின் கொலைக்கு வருவோம். ஒக்கொங்கோவின் வீட்டில் மூன்று ஆண்டுகள் வளர்ந்த அந்தச் சிறுவனைக் கொல்லும்படி தெய்வ வாக்கு வந்ததும், அதே எசேயுடு தேடி வந்து, அந்தப் பையன் உன்னை அப்பா என்று அழைக்கிறான், அவன் சாவில் உன் கை படக்கூடாது என்று எச்சரிக்கிறார். கொலை நடந்தபின் நண்பன் ஒபியெரிகா, நீ செய்தது பூமித் தெய்வத்துக்கு ஏற்காது என்று ஒக்கொங்கோவின் முகத்துக்கு நேரே சொல்கிறான். தன் மகனைக் கொல்லச் சொல்லி வாக்கு வந்திருந்தால், அதை எதிர்த்திருக்கவும் மாட்டேன், என் கையால் செய்திருக்கவும் மாட்டேன் என்கிறான். இந்தப் பதில் நமக்குப் போதாமல் படலாம். எனக்கும் போதவில்லை. ஆனால் நம்பிக்கைக்கும் மனசாட்சிக்கும் நடுவே நின்று திணறும் ஒரு மனிதனின் சொல் அது. பதின்மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில் அதே ஒபியெரிகா, தன் மனைவி பெற்ற இரட்டைக் குழந்தைகளைத் தான் காட்டில் விட்டுவந்ததை நினைத்து, அவை செய்த குற்றம் என்ன என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறான். விடை கிடைக்காமல் மேலும் குழம்புகிறான். உங்கள் மாணவர்களின் கேள்வி, சொல் மாறாமல், அங்கே நிற்கிறது. அதைக் கேட்பவன் அந்தக் குழந்தைகளின் தகப்பன்.

மனைவியை அடிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு நாவலில் வரும் இரண்டு விசாரணைகளை அருகருகே வைத்து நடத்துங்கள். ஒரு வகுப்பு முழுவதையும் இதற்கே தரலாம். பத்தாம் அத்தியாயத்தில் முன்னோர் ஆவிகளாக முகமூடி அணிந்து வரும் ஒன்பது எக்வுக்வுக்களின் முன், உசோவுலு என்பவனின் வழக்கு வருகிறது. மனைவி ம்க்பாஃபோவை அவளுடைய அண்ணன் தம்பிகள் அழைத்துச் சென்றுவிட்டார்கள். கொடுத்த பெண் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறான் அவன். அவன் முதலில் பேசுகிறான், யாரும் குறுக்கிடவில்லை. பிறகு அவளுடைய அண்ணன் ஒடுக்வே பேசுகிறான்: ஒன்பது ஆண்டுகளாக அடிக்காத நாள் இல்லை, கருவுற்றிருந்தபோது அடித்துக் கரு கலைந்தது. அயலாரிடமும் சாட்சியம் கேட்கிறார்கள். ஆவிகள் உள்ளே சென்று கலந்து பேசித் திரும்புகின்றன. ஒரு குடம் கள்ளோடு மாமனார் வீட்டுக்குப் போய் மனைவியைத் திரும்பி வரும்படி கெஞ்சு, பெண்ணோடு சண்டையிடுவது வீரம் ஆகாது என்பது தீர்ப்பு. கூட்டத்தில் ஒரு பெரியவர், இந்த அற்ப விவகாரம் ஏன் எக்வுக்வுக்கள் வரை வந்தது என்று கேட்கிறார். வேறு யார் சொன்னாலும் உசோவுலு கேட்க மாட்டான் என்று பதில் வருகிறது. அந்தச் சபையில் பெண்கள் ஓரமாக நிற்கிறார்கள், ம்க்பாஃபோ ஒரு சொல்லும் பேசவில்லை என்பதையும் மாணவர்கள் கவனிக்கட்டும். ஆச்சிபி எதையும் பூசி மெழுகவில்லை.

இனி இருபத்து மூன்றாம் அத்தியாயம். தேவாலயம் எரிக்கப்பட்டபின், மாவட்ட ஆணையர் ஆறு தலைவர்களைப் பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்கிறார். நடந்ததைச் சொல்லுங்கள் என்கிறார். அவர்களுள் ஒருவரான ஒக்புவேஃபி எக்வுவேமே எழுந்து சொல்லத் தொடங்குகிறார். சற்றுப் பொறுங்கள், என் ஆட்களும் உங்கள் குறையைக் கேட்கட்டும் என்று ஆணையர் நிறுத்துகிறார். பன்னிரண்டு பேர் உள்ளே வந்து உட்காருகிறார்கள். எக்வுவேமே மறுபடியும் தொடங்குகிறார்; அடுத்த நொடி ஆறு பேரின் கைகளிலும் விலங்கு விழுகிறது. அவர் சொல்ல வந்தது நாவலின் கடைசிப் பக்கம்வரை அந்த அதிகாரியின் காதில் விழவே இல்லை. இருநூறு மூட்டை சோழி அபராதம் என்று ஆணையர் சொல்ல, நீதிமன்றச் சேவகர்கள் ஊருக்குள் போய் இருநூற்று ஐம்பது என்று சொல்லி மீதியைத் தங்களுக்கு வைத்துக்கொள்கிறார்கள். இரு தரப்பையும் கேட்ட நீதி எது, ஒரு தரப்பின் வாயை அடைத்த நீதி எது என்று மாணவர்களே சொல்லட்டும். நாகரிகத்தைக் கொண்டு வந்ததாகச் சொன்னவர்கள் எதைக் கொண்டு வந்தார்கள் என்ற கேள்விக்கு ஆச்சிபி எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. இந்த இரண்டு காட்சிகளையும் எழுதிவைத்தார், அவ்வளவுதான்.

பாதிரிமார் வந்தது நல்லதுதானே என்பதற்கு நேரடியாகவே பதில் சொல்லுங்கள்: சிலருக்கு நல்லது, நாவல் அதை மறுக்கவில்லை. நான்கு முறை இரட்டைக் குழந்தைகளைப் பெற்று நான்கு முறையும் பறிகொடுத்த ன்னேகா தேவாலயத்துக்குப் போகிறாள். தீண்டத்தகாதவராக விலக்கப்பட்ட ஓசு மக்கள் போகிறார்கள். காட்டில் குழந்தைகள் அழுததையும் இகெமெஃபுனாவின் சாவையும் மறக்க முடியாத ஒக்கொங்கோவின் மகன் ன்வோயே, இருளில் அமர்ந்திருக்கும் சகோதரர்களைப் பற்றிய ஒரு பாட்டைக் கேட்டு உருகிப் போகிறான். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு இழைத்த காயத்தின் வழியாகவே அந்நிய மதம் உள்ளே வந்தது என்று ஆச்சிபி தெளிவாகக் காட்டுகிறார். தம் மக்கள் மேல் பற்றுள்ள ஒருவர் இதை எழுதத் துணிவு வேண்டும். அவருக்கு இது புத்தகப் படிப்பால் வந்த அறிவும் அல்ல. அவருடைய தந்தை இசையா ஒகாஃபோ, திருச்சபையின் போதகராக ஊர் ஊராகச் சென்றவர். தந்தையை வளர்த்த பெரியவரான உடோ ஒசின்யி பழைய வழிபாட்டிலேயே இருந்தவர். ஒகிடிக்கு வந்த முதல் பாதிரிமாருக்கு வளவில் இடம் கொடுத்த அவர், அவர்களுடைய பாட்டு மிகவும் சோகமாக இருக்கிறது, அயலார் என் சாவுச் சடங்கு என்று நினைத்துக்கொள்வார்கள் என்று சொல்லிச் சில நாட்களில் வேறிடம் போகச் சொன்னார். இரு பக்கத்தையும் குடும்பத்துக்குள்ளேயே கண்டவர் என்பதால்தான், பொறுமையாக அமர்ந்து ஊர்ப் பெரியவர் அக்குன்னாவோடு கடவுளைப் பற்றி விவாதிக்கும் பாதிரியார் பிரவுனையும், எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாகப் பார்க்கும் பாதிரியார் ஸ்மித்தையும் அவரால் தனித்தனி மனிதர்களாகப் படைக்க முடிந்தது. கேரி தன் கதை மாந்தருக்குத் தராத நீதியை ஆச்சிபி தன் வெள்ளைப் பாத்திரங்களுக்குத் தந்தார்.

ஆனால் தேவாலயம் தனியாக வரவில்லை. அதோடு நீதிமன்றமும் சிறையும் துப்பாக்கியும் வந்தன. சைக்கிளில் வந்த ஒரு வெள்ளையனைக் கொன்றதற்காக, அபாமே ஊரைச் சந்தை நாளில் சுற்றிவளைத்துச் சுட்டுத் தீர்த்ததைப் பதினைந்தாம் அத்தியாயம் சொல்கிறது. ன்னேகாவின் ஆறுதலையும் அபாமேயின் பிணங்களையும் மாணவர்கள் ஒருசேரப் பார்க்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க அந்த நாவல் இடம் தரவில்லை. வகுப்பிலும் நீங்கள் இடம் தர வேண்டாம்.

கான்ராடையும் கேரியையும் முன்னால் வைப்பதா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பேன். முன்னால் வைத்தால், 1958இல் வெளிவந்த இந்த நாவல் வேறொருவரின் பேச்சுக்குச் சொன்ன எதிர்ப்பேச்சாகச் சுருங்கிவிடும். ஒபியெரிகாவையும் ஒக்கொங்கோவின் மகள் எசின்மாவையும் முதலில் சந்தித்துவிட்டு, அதன்பின் கான்ராடின் ஆற்றங்கரைப் பக்கம் ஒன்றை மட்டும் படித்தால் போதும். அங்கே யார் பேசவில்லை என்பதை மாணவர்கள் தாமாகவே கண்டுகொள்வார்கள். 1975 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆச்சிபி ஆற்றிய உரையைப் பிறகு கொடுங்கள். கான்ராடை இனவெறியர் என்று அவர் அங்கே வெளிப்படையாகச் சொன்னது பெரும் சர்ச்சையானது. அந்த நாவலைத் தடை செய்ய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஒரு பகுதி மனித குலத்தை மனிதராகவே காணாத படைப்பை மகத்தான கலை என்று சொல்லலாமா என்று கேட்டார். அந்தக் கேள்வி சரியானது என்பதே என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள மாணவர் இருந்தால் அவரும் பேசட்டும்.

இந்தச் சித்திரிப்புகள் யாருக்குத் தீங்கு செய்தன என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். 1965இல் எழுதிய கட்டுரையில் ஆச்சிபி ஒரு பள்ளி மாணவனைக் குறிப்பிடுகிறார். ஆங்கில ஆசிரியையான ஆச்சிபியின் மனைவியிடம் படித்த அந்தப் பையன், தன் ஊரில் வீசும் ஹார்மட்டான் என்ற வறண்ட காற்றுக் காலத்தைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில், தான் கண்டேயிராத ஐரோப்பியக் குளிர்காலத்தைப் பற்றி எழுதியிருந்தான். ஹார்மட்டானைப் பற்றி எழுதினால் மற்றப் பையன்கள் தன்னைக் காட்டான் என்று கேலி செய்வார்கள் என்றான். தங்கள் கடந்த காலம், அதன் எல்லாக் குறைகளோடும், ஐரோப்பியர் வந்து மீட்கும்வரை நீடித்த ஒரே காட்டுமிராண்டி இரவாக இருக்கவில்லை என்று தன் வாசகர்களுக்குக் கற்றுத்தர முடிந்தாலே போதும் என்று அதே கட்டுரையில் எழுதினார். “எல்லாக் குறைகளோடும்” என்பதை அவர் வெறும் சம்பிரதாயத்துக்காகச் சேர்க்கவில்லை. குறைகளை மறைத்து எழுதியிருந்தால் அந்தப் பையனுக்குக் கிடைப்பது இன்னொரு பொய்யாக இருந்திருக்கும்.

பெண்களைப் பற்றிய கேள்வி மட்டும் இந்த நாவலுக்குள் முழுமையாகத் தீராது. ம்க்பாஃபோவுக்காக அவள் அண்ணன் பேசுகிறான். ஒக்கொங்கோவின் முதல் மனைவியின் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை. அந்த இடைவெளியை இக்போ பெண்களே நிரப்பினார்கள். ஃப்ளோரா ன்வாப்பாவின் ‘எஃபுரு’ 1966இல் வந்தது. அதன் கைப்பிரதியைப் படித்துப் பதிப்பகத்துக்கு அனுப்ப ஊக்கம் தந்தவர் ஆச்சிபியே. சந்தையில் வணிகம் செய்து, தன் முடிவுகளைத் தானே எடுக்கும் ஒரு பெண்ணின் கதை அது. பெரும் பகுதி பெண்களின் உரையாடலாகவே நகர்கிறது. பூச்சி எமெச்செட்டா 1979இல் வெளியிட்ட ‘தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’ இன்னும் கடுமையாக, தாய்மை என்ற பெயரில் ஒரு பெண் எப்படித் தேய்கிறாள் என்று காட்டுகிறது. பருவத்தில் மூன்று நான்கு வகுப்புகள் மிஞ்சியிருந்தால், கேரிக்குச் செலவிட நினைத்த நேரத்தை ‘எஃபுரு’வின் முதல் சில அத்தியாயங்களுக்குக் கொடுங்கள். ஆங்கிலம் எளிமையானது, மாணவர்கள் தடையின்றிப் படித்துவிடுவார்கள். ம்க்பாஃபோ பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொல்வதை அதற்கு முந்தைய வாரமே கொடுத்துவிடுங்கள்; இரண்டையும் ஒரே வகுப்பில் பேசலாம்.